காலாங் தேசிய விளையாட்டரங்கம்: கூரைக்கு முழு மதிப்பெண், மேலடுக்குக்குப் பாதிதான்

மாமாவைச் சிங்கப்பூரின் காலாங்கில் இருக்கும் புதிய அரங்கத்துக்குக் கூட்டிப் போக எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. பழைய தேசிய விளையாட்டரங்கத்தை 2007-இல் மூடி, 2010-இல் இடிக்க ஆரம்பித்தபோது "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொன்னவர் அவர். 2014-இல் புதியது திறந்த பிறகும் வரவில்லை. கடைசியில் அவரை அசைத்தது 2025 அக்டோபர் 9-ஆம் தேதி நடந்த சிங்கப்பூர் - இந்தியா காற்பந்து ஆட்டம், அதாவது ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று. 1984-இல் ஆசியக் கிண்ணம் இங்கேதான் நடந்தது, பழைய அரங்கத்தில், அப்போது சிங்கப்பூர் இந்தியாவை 2-0 என்று ஜெயித்ததை கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர் மாமா. அதே இரண்டு அணி, அதே மண் என்று நான் சொன்னதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, டிக்கெட் போடு" என்றார்.

அந்த இரவையும், அதற்கு முன்னால் நான் போய்வந்த பத்துப் பன்னிரண்டு தடவையையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சுற்றுலா வருகிறவர்களும் இங்கேயே இருந்துகொண்டு இன்னும் உள்ளே போகாதவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: அங்கே போய் ஆட்டம் பார்ப்பது வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட நன்றாக இருக்குமா? நன்றாகவே இருக்கும். ஆனால் எங்கே உட்காருகிறீர்கள், யாருடைய ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அனுபவம் நிறைய மாறும்.

முதலில் கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டடத்தின் உயிரே அதுதான். ஏறக்குறைய 310 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கும் குவிமாடம். இப்படித் தூணில்லாமல் நிற்கும் குவிமாடங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. நடுப்பகுதி நகரும், இரண்டு பக்கமும் விலகித் திறக்கும், மூடும், அரை மணிக்கும் குறைவான நேரத்தில். நகரும் பகுதி கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் காற்றடைத்த மெத்தைகள், அதனால்தான் அவ்வளவு எடை குறைவு, மூடியிருக்கும்போதும் பகல் வெளிச்சம் கசிந்து உள்ளே வரும். நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்கு வெயில் கொளுத்தும், ஐந்து மணிக்குக் கொட்டித் தீர்க்கும். பழைய அரங்கத்தில் கேலரியில் இருந்தவர்கள் செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டம் பார்த்த கதையை மாமா நூறு தடவை சொல்லியிருக்கிறார். இங்கே அந்தக் கவலையே இல்லை.

அப்புறம் குளிர்ச்சி. இவ்வளவு பெரிய இடத்தை மொத்தமாகக் குளிரூட்டினால் மின்சாரம் தாங்காது, அதனால் இருக்கைகளின் அடியிலிருந்து குளிர்காற்று வருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். காற்று மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் மட்டும் குளிர்ந்தால் போதும், மேலே கூரை வரை இருக்கும் வெற்றிடத்தைக் குளிர வைக்க வேண்டியதில்லை என்பதுதான் கணக்கு. அதற்கு ஆகும் மின்சாரத்தை ஈடுகட்டச் சூரியத் தகடுகளும் வைத்திருக்கிறார்கள். மாமா உட்கார்ந்ததும் முதலில் குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், ஆனால் அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும் என்பதால் கீழடுக்கில் இருப்பவர்களுக்குச் சுகம் அதிகம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் ஒரு மெல்லிய சால்வை கையில் இருக்கட்டும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. இருக்கைகள் முழு வட்டமாக இல்லை, குதிரை லாட வடிவம். ஒரு பக்கம் திறந்திருக்கும், அந்தத் திறப்பு நகரத்தைப் பார்த்து இருக்கிறது. காலாங் ஆற்றுநீர் தேங்கி நிற்கும் பரப்பும் அதற்கு அப்பால் உயரமான கட்டடங்களும் தெரியும். மாலை ஆட்டத்துக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்தால், திடலில் விளையாட்டாளர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் ஊர் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் சுவராக அடைத்துக் கட்டிய அரங்கங்களில் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இங்கே அது மறக்காது.

சரி, குறை என்ன? மேலடுக்கு.

காற்பந்து, ரக்பி, கிரிக்கெட், தடகளம் நான்கையும் ஒரே இடத்தில் நடத்த வேண்டும் என்று கட்டிய அரங்கம் இது. அதற்காகக் கீழடுக்கு இருக்கைகள் இயந்திரத்தில் முன்னும் பின்னும் நகரும். காற்பந்தென்றால் ஓடுதடத்தை மூடிக்கொண்டு முன்னால் வரும், 55,000 பேர் உட்காரலாம். தடகளமென்றால் பின்னால் போகும், அப்போது 50,000. மாற்றியமைக்க ஓரிரு நாள் போதும் என்பது உண்மையிலேயே பெரிய சாதனை, பல நாடுகளில் ஒலிம்பிக்குக்கு என்று கட்டிய அரங்கங்களில் ஓடுதடத்துக்கு அப்பால் எங்கேயோ பந்து உருளுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நகர்வது கீழடுக்கு மட்டும்தான். மேலே இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். நான்கு விளையாட்டுக்கும் பொதுவாக வகுத்த வளைவு என்பதால் மூன்றாவது அடுக்கிலிருந்து, அதிலும் மூலைப் பக்கங்களிலிருந்து, காற்பந்து பார்ப்பது கஷ்டம். ஆட்ட அமைப்பு அழகாகத் தெரியும், யார் எங்கே நகர்கிறார் என்று வரைபடம் மாதிரி பார்க்கலாம், முகம் தெரியாது. படிகளும் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே ஏற்றாதீர்கள். பணம் கொஞ்சம் கூடப் போனாலும் கீழடுக்கில் நடுக்கோட்டுப் பக்கமாக எடுங்கள், அது கிடைக்காவிட்டால் கோல் கம்பத்துக்குப் பின்னால் கீழடுக்கு, அதுவும் இல்லாவிட்டால் இரண்டாம் அடுக்கின் முன்வரிசை. ஒருமுறை நான் டிக்கெட் வாங்கிய ஓர் இணையத்தளத்தில் இருக்கையிலிருந்து காட்சி எப்படி இருக்கும் என்று எதுவும் போடவில்லை, விலையை மட்டும் பார்த்து மூலையில் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரமும் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

புல்லைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் அந்தக் கெட்ட பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை. திறந்த வருடமே, 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் இங்கே மோதின. நெய்மார் நான்கு கோல் போட்டார், 4-0. ஆனால் மறுநாள் ஊர் பேசியது திடலில் தெரிந்த மணலைப் பற்றி. அவ்வளவு பெரிய கூரையைப் போட்டு வெயிலை மறைத்தால் புல்லுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் இழையும் இயற்கைப் புல்லும் கலந்த தரையைப் போட்டிருந்தார்கள், நிழலில் அது வேரூன்றவில்லை. அடுத்த வருடமே புல்வகையை மாற்றினார்கள், செயற்கை விளக்குகளைப் புல்மேல் நகர்த்தி வெளிச்சம் காட்டி வளர்க்கிறார்கள். சமீபத்தில் நான் பார்த்த ஆட்டங்களில் தரை பச்சையாக, பந்து சீராக ஓடியது.

இதைவிடப் பெரிய விஷயம் யாருக்கான அரங்கம் என்பது. இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

பழைய அரங்கத்தை 1973-இல் திறந்தார்கள். அதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோட்டோவும் சிங்கப்பூர் ஸ்வீப் லாட்டரியும். 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு லாட்டரி நிறுவனத்தைத் தொடங்கி, அதில் வந்த பணத்தை இதற்குப் போட்டார்கள். தாத்தா துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர், மாதம் தவறாமல் ஒரு சீட்டு எடுப்பாராம். "ஒரு தடவைகூட விழலை. ஆனா அந்தச் செங்கல்ல ரெண்டு எங்க அப்பாவோடது" என்று மாமா சொல்வார். இடித்தபோது அவருக்கு வலித்தது அதனால்தான். அந்த அரங்கத்தில்தான் மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டங்களுக்கு மக்கள் முண்டியடித்தார்கள், காலாங் முழக்கம் என்று பெயர் வாங்கிய அந்தச் சத்தம் அங்கே பிறந்தது. சிங்கப்பூர் அணிக்கு ஆடிய எஸ். ராஜகோபாலின் வளைந்து திரும்பும் மூலை உதை, பிறகு வி. சுந்தரமூர்த்தியின் கால்வித்தை, எல்லாம் மாமாவுக்கு நேற்று நடந்த மாதிரி. தேசிய தின அணிவகுப்பு அங்கே பதினெட்டு முறை நடந்திருக்கிறது. புதிய அரங்கத்தில் முதல் பத்து வருடத்தில் நடந்தது 2016-இல் ஒரே ஒருமுறை.

புதியது வேறு விதமாகப் பிறந்தது. உள்ளரங்கம், நீச்சல் வளாகம், கடைத்தொகுதி என்று 35 ஹெக்டர் வளாகம், 1.33 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். அரசும் தனியாரும் சேர்ந்து 25 ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம். வெளிநாட்டுக் கிளப்புகள் வந்தன, பெரிய பாடகர்கள் வந்தார்கள், உள்ளூர் ஆட்டங்களும் பள்ளிப் போட்டிகளும் இங்கே நடப்பது அபூர்வமாக இருந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி அரசு முழுசாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பள்ளிகளுக்கிடையிலான தடகள இறுதிச் சுற்றுகள் இங்கேயே நடக்க ஆரம்பித்தன. என் அண்ணன் மகள் தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடினாள். அவள் குழு பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஓடி முடித்து மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "சித்தப்பா, சாந்தி ஓடின தடம் இது" என்றாள். கட்டடம் வந்து பல வருடம் ஆகியும் எனக்கு அது நம்முடையது என்று தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

சாந்தி பெரேரா 2015 ஜூனில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரை 23.60 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கியது இந்தத் தடத்தில்தான். சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் அந்தத் தங்கத்தை வாங்கி அப்போது 42 வருடம் ஆகியிருந்தது. முன்னால் வாங்கியவர் குளோரி பர்னபாஸ், பள்ளி ஆசிரியை, 1973-இல், புதிதாகத் திறந்த பழைய அரங்கத்தில். மாமாவுக்கு அப்போது பதினெட்டு வயது, கேலரியில் இருந்தார். எல்லைக்கோட்டில் யார் முதல் என்று கண்ணால் சொல்ல முடியாமல் புகைப்படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள், அதுவரை பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அந்த ஓட்டம் நடந்த அதே வட்டாரத்தில் இந்த ஓட்டம். 2015-இல் நான் கீழடுக்கில் இருந்தேன், சாந்தி வளைவிலிருந்து நேர்த்தடத்துக்கு வந்ததும் எழும்பிய சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி நம் நெஞ்சில் இறங்கும். குவிமாடத்தின் இன்னொரு லாபம் அது, சத்தம் வெளியே தப்பிப் போவதில்லை. 2016-இல் கென்யா ரக்பி எழுவர் போட்டியின் இறுதியில் ஃபிஜியைச் சாய்த்தபோதும் அப்படித்தான்.

இப்போது அந்த அக்டோபர் இரவுக்கு வருகிறேன். நாங்கள் பாய லேபாரில் வட்டப்பாதை ரயிலுக்கு மாறி, நேராக ஸ்டேடியம் நிலையத்துக்குப் போகாமல் டகோட்டாவில் இறங்கி, ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில் சாப்பிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காலாங்கில் 1937 முதல் 1955 வரை விமான நிலையம் இருந்தது, அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் அதனால்தான். மாமா சாத்தேயும் ரொஜாக்கும் சாப்பிட்டுவிட்டு ஒரு தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடித்தார். அரங்கத்துக்கு உள்ளே சாப்பிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். முன்பொரு ஆட்டத்தில் இடைவேளைக்கு ஒரு கடையில் வரிசை நின்று, இரண்டு தண்ணீர் போத்தலோடு நான் திரும்பியபோது இரண்டாம் பாதி ஆறு நிமிடம் ஓடியிருந்தது.

எங்கள் வரிசையில் நீலச் சட்டைக்காரர்கள் நான்கைந்து பேர், கட்டுமான வேலை பார்க்கிற பையன்கள். மாமா சும்மா இருக்கவில்லை.

"தம்பி, ஊரு எங்க?"

"பட்டுக்கோட்டைங்க ஐயா."

"இந்தியா பக்கம்தானே?"

"ஆமாங்கய்யா. ஆனா இந்தக் கூரையில எங்க சித்தப்பா வேலை பார்த்திருக்காரு. அதனால சிங்கப்பூர் கோல் போட்டாலும் கை தட்டுவேன்."

மாமா அதற்குப் பிறகு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய அரங்கங்கள் எந்த ஊரில் எழும்பினாலும், கத்தாராகட்டும் சிங்கப்பூராகட்டும், அந்தச் சாரத்தில் நம் ஆட்கள் நின்றிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்து ஒரு ஆட்டம் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது, இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

முதல் பாதி முடியும் நேரத்தில் சிங்கப்பூரின் இக்சான் ஃபண்டி கோல் போட்டார். பட்டுக்கோட்டைத் தம்பி சொன்னபடி கை தட்டினார். இடைவேளை முடிந்த கையோடு இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கானுக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேராகிவிட்டார்கள், சிங்கப்பூர் கையில் ஆட்டம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். 90-ஆவது நிமிடம் எங்கள் தற்காப்பில் ஒரு சறுக்கல், ரஹீம் அலி விடவில்லை. 1-1. நீலச் சட்டைகள் துள்ளின, மாமா தலையில் கை வைத்துக்கொண்டார், அப்புறம் அந்தத் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். மேலடுக்கில் நிறைய இடம் காலியாகவே கிடந்தது. ஆர்சனல் மாதிரி இங்கிலாந்துக் கிளப் வந்தால் நிரம்புகிறது, 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடினபோது நிரம்பியது, நம் சொந்த அணி ஆடுகிற அன்றைக்கு ஏன் நிரம்பக் கூடாது? கச்சேரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய கூரையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். ஆனால் 55,000 பேர் முன்னால் இந்தப் பையன்கள் ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

திரும்பும்போது அவசரப்படாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஸ்டேடியம் நிலையத்துக்குத்தான் பாய்வார்கள். இருபது நிமிடம் தாமதியுங்கள். அரங்கத்தைச் சுற்றிக் கூரைக்கு அடியிலேயே ஒரு நடைபாதை ஓடுகிறது, டிக்கெட் இல்லாமல் யாரும் நடக்கலாம், ஓடலாம், மழை நாளில் மெதுவோட்டக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். அதில் ஒரு சுற்று வந்தால் கூட்டம் கலைந்துவிடும். கால் நன்றாக இருப்பவர்கள் காலாங் நிலையம் வரை நடந்தே போய்விடலாம், பத்துப் பதினைந்து நிமிடம். நாங்கள் அந்த நடைபாதையில் மெதுவாக வந்தோம். பழைய கேலரி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று மாமா திசை பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று "இங்கதான்" என்றார். நானும் அவரோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

மதிப்பெண் வேண்டுமென்றால்: கூரை, குளிர்ச்சி, சத்தம், நகரக் காட்சி எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. கீழடுக்கு நாலரை. மேலடுக்கு காற்பந்துக்கு இரண்டரை, தடகளத்துக்கு நான்கு, ஏனென்றால் ஓட்டப் பந்தயத்தை மேலிருந்து பார்ப்பது ஒரு தனி அழகு. பெரிய பை எடுத்துப் போகாதீர்கள், நுழைவாயிலில் நேரம் போகும்.

அந்த ஆட்டத்துக்கு ஐந்து நாள் கழித்துக் கோவாவில் சிங்கப்பூர் 2-1 என்று இந்தியாவை வென்றது. நவம்பரில் ஹாங்காங்கில், அங்கேயும் பழைய விமான நிலையம் இருந்த இடத்தில் கட்டிய காய் டாக் அரங்கத்தில், மறுபடியும் 2-1. ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றாகிவிட்டது. 1984-இல் போட்டியை நடத்தும் நாடாகக் கிடைத்த இடம், இந்த முறை ஆடி வாங்கியது. அன்றைக்கு இரவு பதினொன்றரைக்கு மாமா கூப்பிட்டார். 2026 மார்ச்சில் பங்ளாதேஷ் இங்கே ஆட வர இருந்தது, அதே வரிசை கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு இல்லை, ஐந்து டிக்கெட். அண்ணன், அண்ணி, அந்த ஓட்டக்காரி எல்லோருக்கும் சேர்த்து.